கியர் எண்ணெய் (தானி)

தானியின் கியர் எண்ணெய் என்பது, தமிழ்நாட்டில் ஆட்டோ என்றும் இலங்கையில் முச்சக்கர வண்டி என்றும் அழைக்கப்படும் மூன்று சக்கர ஊர்தியின் கியர் பெட்டியிலுள்ள பற்சக்கரங்கள், தண்டுகள், தாங்கிகள் ஆகியவற்றின் தேய்மானத்தையும் சூட்டையும் குறைக்கும் உயவு எண்ணெய் ஆகும்.  மகிழுந்து, பேருந்து போன்றவற்றின் கியர் எண்ணெயிலிருந்து இது ஒரு முக்கியமான வகையில் வேறுபடுகின்றது. பெட்ரோலிலும் எரிவளியிலும் ஓடும் பெரும்பாலான தானிகளில் கிளட்ச்சும் இதே எண்ணெயில் நனைந்தபடியே இயங்குகின்றது. எனவே இவ்வெண்ணெய் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வேலைகளைச் செய்யவேண்டியுள்ளது. பற்சக்கரங்களின் பற்களுக்கிடையே அது வழுக்கவேண்டும். கிளட்ச் தகடுகளுக்கிடையே வழுக்கக்கூடாது. கெட்டியான எண்ணெயே நல்ல எண்ணெய் என்று பரவலாக நிலவும் கருத்து தானிக்குப் பொருந்தாமல் போவதற்கு இதுவே காரணம்.

அமைப்பும் பின்னணியும்

இத்தாலியின் பியாஜ்ஜியோ நிறுவனம் 1946-இல் வெசுபா என்னும் இருசக்கர ஊர்தியையும், 1948-இல் அதனை அடிப்படையாகக் கொண்ட ஆப்பே என்னும் மூன்று சக்கர ஊர்தியையும் வெளியிட்டது. இரண்டையும் வடிவமைத்தவர் கொர்ராதினோ தஸ்கானியோ என்னும் வானூர்திப் பொறியாளர். 1959-இல் பஜாஜ் ஆட்டோ நிறுவனம் இருசக்கர, மூன்று சக்கர ஊர்திகளை உற்பத்தி செய்ய இந்திய அரசின் உரிமம் பெற்றது. இன்று தெற்காசியத் தெருக்களில் ஓடும் தானிகளில் பெரும்பான்மையானவை இந்த வழியில் வந்தவை.

வெசுபாவின் சிறப்பு, பொறி, கிளட்ச், கியர் பெட்டி ஆகிய அனைத்தையும் ஒரே அலுமினிய வார்ப்புக் கூட்டுக்குள் அடக்கியதாகும். தானியும் இதையே பின்பற்றுகின்றது. பயணிகள் அமரும் இருக்கைக்குப் பின்னால், கீழே, பொறியும் கியர் பெட்டியும் ஒன்றாக அமைந்துள்ளன. வளைவுகளில் திரும்பும்போது வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட அதிகத் தொலைவு ஓடவேண்டும். அதற்கு இடம் கொடுக்கும் டிஃபரன்சியல் எனும் பற்சக்கரத் தொகுதியும் அதே கூட்டோடு இணைந்தே இருக்கும். அதிலிருந்து இரண்டு சிறு தண்டுகள் பின்சக்கரங்களுக்கு விசையைக் கொண்டு செல்கின்றன. நான்கு முன்கியர்களும் ஒரு பின்கியரும் இருப்பது வழக்கம்.

இந்த அமைப்பில் பொறியின் வணரித்தண்டு பின்அச்சுக்கு இணையாக, ஊர்தியின் குறுக்கே அமைந்துள்ளது. ஆகவே சுழற்சியின் திசையை 90 பாகை திருப்பவேண்டிய தேவை எழுவதில்லை. நீண்ட உந்துதண்டு கொண்ட சரக்குந்துகளிலும் பின்சக்கர உந்துடைய மகிழுந்துகளிலும் சுழற்சி நெடுக்குவாட்டில் வந்து குறுக்குவாட்டில் திரும்பவேண்டும். அங்கு ஹைப்பாய்டு எனும் சாய்பற்சக்கரங்கள் பயன்படுகின்றன. அவற்றின் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு பெரும் அழுத்தத்தில் தேய்ந்து சறுக்கவும் செய்கின்றன. அதற்கெனவே மிகவும் வீரியமான எண்ணெய் உருவாக்கப்பட்டது. தானியில் அந்த நிலைமை இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், எண்ணெய்க் கடையில் ஏற்படும் குழப்பங்களில் பாதி தீர்ந்துவிடும்.

ஒரே எண்ணெயா, தனித்தனி எண்ணெயா?

பழைய இரு வீச்சுத் தானிகளில் இந்தக் கேள்விக்கு இடமில்லை. பொறிக்கான எண்ணெய் பெட்ரோலோடு கலந்து எரிந்துவிடும். கியர் பெட்டிக்கென்று தனி எண்ணெய் உண்டு. அதுவே கிளட்ச்சுக்கும் உரியது.

நான்கு வீச்சுத் தானிகளில் நிலைமை வேறு. சில வகைகளில் பொறி, கிளட்ச், கியர் பெட்டி ஆகிய மூன்றுக்கும் ஒரே எண்ணெய் சுற்றி வருகின்றது. வேறு சிலவற்றில் கியர் பெட்டிக்கோ டிஃபரன்சியலுக்கோ தனி அறையும் தனி எண்ணெயும் உள்ளன. டீசல் தானிகளில் பொறி எண்ணெயும் கியர் எண்ணெயும் பெரும்பாலும் வெவ்வேறானவை. பொறியின் எண்ணெயைத் தவறாமல் மாற்றிவரும் ஓட்டுநர், தம் வண்டியில் இன்னொரு அறை இருப்பதை அறியாமலேயே பல ஆண்டுகள் ஓட்டிவிடக்கூடும். அந்த அறையில் வெளிச்சம் காட்டும் விளக்கோ, அழுத்தம் காட்டும் மானியோ கிடையாது. பற்சக்கரம் சத்தமிடத் தொடங்கும்போதுதான் அப்படி ஓர் அறை இருப்பது தெரியவரும்.

வண்டியோடு தரப்படும் கையேட்டில் உள்ள உயவு அட்டவணையே இதற்கான சரியான சான்று. எத்தனை இடங்களில் எண்ணெய் ஊற்றவேண்டும், எந்தத் தரம், எவ்வளவு கொள்ளளவு என்பன அதில் தரப்பட்டிருக்கும். கையேடு தொலைந்த பழைய வண்டிகளில், அடிப்பகுதியைத் துடைத்துவிட்டு வடிப்புத் திருகுகளை எண்ணிப் பார்ப்பது ஓரளவு உதவும். ஆயினும் அது உறுதியான முறை அன்று. அதே வகை வண்டியின் கையேட்டை வேறொருவரிடம் பெற்றுப் பார்ப்பதே நல்லது. ஒரே பெயரில் விற்கப்படும் வண்டியிலும் இரு வீச்சு, நான்கு வீச்சு, டீசல் எனப் பதிப்புகள் பல உள்ளன. ஒன்றின் அளவு மற்றொன்றுக்குப் பொருந்தாது.

எண்களின் பொருள்

எண்ணெயின் பாய்வெதிர்ப்பைப் பாகுநிலை என்பர். பேச்சுவழக்கில் கெட்டி, நீர்த்தது என்று சொல்வது இதனையே. டப்பாவின் மீது அச்சிடப்படும் 20டபிள்யூ-50, 80டபிள்யூ-90 போன்ற எண்கள் பாகுநிலையின் தர எண்கள். இவற்றை வகுத்தது அமெரிக்காவின் தானுந்துப் பொறியாளர் கழகம். அதன் பெயர்ச் சுருக்கமே எஸ்.ஏ.ஈ.

தவறு நேர்வது பெரும்பாலும் இங்குதான். பொறி எண்ணெய்க்கும் கியர் எண்ணெய்க்கும் எஸ்.ஏ.ஈ இரண்டு வெவ்வேறு அளவுகோல்களை வைத்துள்ளது. பொறி எண்ணெய்க்கு ஜே300 என்ற தரம். கியர் எண்ணெய்க்கு ஜே306 என்ற தரம். ஜே300-இன்படி 40 எண் கொண்ட பொறி எண்ணெயின் பாகுநிலை, 100 பாகை செல்சியசில் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸ் வரை இருக்கவேண்டும். 50 எண் கொண்டதற்கு இது 16.3 முதல் 21.9 வரை. ஜே306-இன்படி 90 எண் கொண்ட கியர் எண்ணெய்க்கு அதே வெப்பநிலையில் 13.5 முதல் 18.5 வரை. அதாவது, 90 எண் கியர் எண்ணெயும் 40 அல்லது 50 எண் பொறி எண்ணெயும் ஏறத்தாழ ஒரே கெட்டி உடையவை. 90 என்பது 40-ஐப்போல் இருமடங்குக்கும் மேல் கெட்டியானது என்று கொள்வது, அங்குல நாடாவில் அளந்ததையும் சென்டிமீட்டர் நாடாவில் அளந்ததையும் ஒப்பிடுவதைப் போன்றது. இரண்டு அளவுகோல்களின் எண்களும் ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாது என்பதற்காகவே கியர் எண்ணெய்களுக்குப் பெரிய எண்கள் தரப்பட்டுள்ளன. ஆனால் கடைத்தெருவில் அதுவே குழப்பத்துக்குக் காரணமாகிவிட்டது.

ஆலை இயந்திரங்களின் எண்ணெய்க்கு ஐ.எஸ்.ஓ வி.ஜி என்னும் மூன்றாவது அளவுகோல் ஒன்றும் உண்டு. அது 40 பாகை செல்சியசில் அளக்கப்படுவது. 220 என்று எழுதிய ஆலை எண்ணெய்ப் பீப்பாயைக் கண்டு மிரளவும் வேண்டாம், அதிலிருந்து தானிக்கு ஊற்றவும் வேண்டாம்.

80டபிள்யூ-90 என்பதில் முன்னுள்ள எண் குளிர்நிலையில் எண்ணெய் பாயும் திறனைக் குறிக்கின்றது. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. 75டபிள்யூ எண்ணெய் உறைநிலைக்குக் கீழே 40 பாகை வரையிலும், 80டபிள்யூ உறைநிலைக்குக் கீழே 26 பாகை வரையிலும், 85டபிள்யூ உறைநிலைக்குக் கீழே 12 பாகை வரையிலும் ஒரு குறிப்பிட்ட வரம்புக்கு மேல் இறுகாமல் இருக்கவேண்டும். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இந்த முன்எண்ணால் பெரிய வேறுபாடு விளைவதில்லை. அங்கு கவனிக்கவேண்டியது பின்னுள்ள எண். உதகையின் குளிர்காலக் காலைகளில் கூட வெப்பநிலை உறைநிலையை ஒட்டியே நிற்கும் என்பதால் 80டபிள்யூ தாராளமாகப் போதும்.

வெப்பநிலை ஏற ஏறப் பாகுநிலை வேகமாகக் குறையும். 90 எண் எண்ணெய் ஒன்று 40 பாகையில் கொண்டிருக்கும் பாகுநிலை, 100 பாகையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகிவிடும். காலையில் முதல் கியர் விழுவதற்கு அடம் பிடிக்கும் வண்டி, பத்து நிமிட ஓட்டத்துக்குப் பின் சீராவதற்கு இதுவே காரணம். கையேடு சொல்வதைவிடக் கெட்டியான 140 எண் எண்ணெயை ஊற்றினால் இந்தக் காலைத் தொல்லை மிகும். கிளட்ச் நெம்புகோலை முழுவதும் அழுத்திய பின்னும் தகடுகள் எண்ணெயின் பிடியால் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே சுழலும். வண்டி ஊர்ந்து முன்னேறும். கியர் டமார் என்ற ஓசையுடன் விழும். நின்ற நிலையில் நியூட்ரல் கிடைக்காது. எண்ணெயைக் கலக்குவதற்கே விசை செலவாவதால் எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும்.

தேய்ந்த கியர் பெட்டியின் இரைச்சலைக் குறைக்கக் கெட்டி எண்ணெய் ஊற்றுவது சில பட்டறைகளில் வழக்கமாக உள்ளது. இரைச்சல் சற்றுக் குறையும் என்பது உண்மையே. தேய்மானம் குறைவதில்லை, அது காதுக்குக் கேட்காமல் மறைக்கப்படுகின்றது. பழைய தானி வாங்குவோர், பொறி குளிர்ந்திருக்கும்போது ஒருமுறையும் நன்கு சூடேறிய பின் ஒருமுறையும் ஓட்டிப் பார்ப்பது இதனால்தான் அவசியமாகின்றது.

சேர்பொருட்களும் கிளட்ச்சும்

பாகுநிலை எண் எண்ணெயின் கெட்டியை மட்டுமே சொல்லும். அதில் என்னென்ன வேதிப்பொருட்கள் சேர்க்கப்பட்டுள்ளன என்பதை அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் ஜி.எல் குறியீடுகள் சொல்கின்றன. இவற்றுள் இன்று நடைமுறையில் பரவலாகக் காணப்படுபவை ஜி.எல்-4, ஜி.எல்-5 ஆகிய இரண்டுமே.

கடும் அழுத்தத்தில் எண்ணெய்ப் படலம் கிழிந்து, உலோகம் உலோகத்தைத் தொடும் நிலை பற்சக்கரங்களில் ஏற்படும். அப்போது கந்தகமும் பாசுபரசும் கொண்ட சேர்பொருட்கள் அந்தச் சூட்டில் எஃகோடு வினைபுரிந்து ஒரு மெல்லிய பூச்சை உருவாக்குகின்றன. பற்களுக்குப் பதிலாக அந்தப் பூச்சு தேய்ந்து போகின்றது. கியர் எண்ணெய்க்கே உரிய கடும் வாடை இந்தக் கந்தகத்தால் வருவதாகும். மேலே கூறிய ஹைப்பாய்டு பற்சக்கரங்களுக்கென உருவான ஜி.எல்-5 எண்ணெயில் இச்சேர்பொருட்கள் ஜி.எல்-4-இல் இருப்பதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு உள்ளன. 5 என்பது 4-ஐவிடப் பெரிய எண் என்பதால் அதுவே மேல் என்று எண்ணத் தோன்றும். ஆனால் இவை ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. வினைத்திறன் மிகுந்த கந்தகச் சேர்பொருட்கள் பித்தளை, வெண்கலம் போன்ற செம்புக் கலப்புலோகங்களை அரிக்கக்கூடியவை. கியர் பெட்டியில் உள்ள வெண்கலப் புஷ்கள் அவ்வகையைச் சேர்ந்தவை.

ஈரக் கிளட்ச் கொண்ட தானிகளில் இன்னும் பெரிய சிக்கல் உண்டு. இந்தக் கிளட்ச்சில் உராய்வுத் தகடுகளும் எஃகுத் தகடுகளும் மாறி மாறி அடுக்கப்பட்டு, சுருள்வில்லின் அழுத்தத்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. எண்ணெயில் நனைந்திருந்தும் பிடிக்கும் வகையில் அத்தகடுகள் செய்யப்பட்டுள்ளன. ஆனால் உராய்வைக் குறைக்கும் சேர்பொருள் கொண்ட எண்ணெயை ஊற்றினால் அந்தப் பிடி தளர்ந்துவிடும். புதிய மகிழுந்துகளுக்கான 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 போன்ற எரிபொருள் சேமிப்பு எண்ணெய்களில் இத்தகைய சேர்பொருட்கள் சேர்க்கப்படுவது வழக்கம். விலை உயர்ந்த மகிழுந்து எண்ணெயை அக்கறையோடு வாங்கி ஊற்றியவரின் தானி, மலிவான எண்ணெய் ஊற்றிய அடுத்த வண்டியைவிட மோசமாக ஓடுவது இதனால்தான்.

இதனைத் தவிர்க்க உதவுவது ஜாசோ குறியீடு. சப்பானிய தானுந்துத் தரப்படுத்தல் அமைப்பு, நான்கு வீச்சு இருசக்கர ஊர்திகளுக்காக 1998-இல் வகுத்த இத்தரத்தில், எம்.ஏ என்பது ஈரக் கிளட்ச்சுக்கு ஏற்ற எண்ணெயையும், எம்.பி என்பது உராய்வு குறைந்த எண்ணெயையும் குறிக்கும். 2006-இல் எம்.ஏ வகை எம்.ஏ1, எம்.ஏ2 எனப் பிரிக்கப்பட்டது; இரண்டில் எம்.ஏ2 அதிகப் பிடி தருவது. பொறிக்கும் கிளட்ச்சுக்கும் கியர் பெட்டிக்கும் ஒரே எண்ணெய் பயன்படும் தானியில், கையேடு கூறும் பாகுநிலையோடு எம்.ஏ அல்லது எம்.ஏ2 என்ற எழுத்துகளும் டப்பாவில் உள்ளனவா என்று பார்த்து வாங்கவேண்டும். கிளட்ச் தொடர்பற்ற தனி டிஃபரன்சியல் அறைக்கு இந்த எச்சரிக்கை பொருந்தாது. அங்கு கையேடு கூறும் ஜி.எல் தரமே போதும்.

கிளட்ச் வழுக்குகின்றதா என்பதை ஏற்றத்தில் அறியலாம். மூன்று பயணிகளோடு ஒரு மேம்பாலத்தில் ஏறும்போது பொறியின் ஓசை உயர்ந்து, வேகம் மட்டும் உயராமல் இருந்தால் தகடுகள் வழுக்குகின்றன என்று பொருள். எண்ணெய் மாற்றிய ஓரிரு நாட்களுக்குள் இது தொடங்கியிருந்தால் எண்ணெயையே முதலில் ஐயுறவேண்டும். உடனே வடித்துச் சரியான எண்ணெய் ஊற்றினால் பல வேளைகளில் சரியாகிவிடும். அப்படியே தொடர்ந்து ஓட்டினால் தகடுகள் கருகி, அவற்றை மாற்றவேண்டி வரும். நாள் வாடகைக்கு வண்டி எடுத்து ஓட்டுபவருக்கு அது கிளட்ச் தகட்டின் விலை மட்டும் அன்று. வண்டி பட்டறையில் நிற்கும் நாட்களின் வருமானமும் சேர்ந்து போய்விடும். வாடகை வண்டிகளில் எண்ணெய் மாற்றுவது உரிமையாளர் பொறுப்பா, ஓட்டுநர் பொறுப்பா என்பது பல வேளைகளில் வாய்ப்பேச்சாகவே விடப்படுவதால், இருவரும் செய்யாமல் விட்டுவிடுவதும் உண்டு. மாற்றிய நாளையும் ஓட்டமானியின் எண்ணையும் ஒரு துண்டுத்தாளில் எழுதி வண்டியிலேயே ஒட்டிவைப்பது இதற்கு எளிய வழி.

மாற்றவேண்டிய காலம்

புதிய வண்டியிலும், பற்சக்கரங்கள் மாற்றப்பட்ட கியர் பெட்டியிலும் முதல் எண்ணெய் விரைவில் மாற்றப்படவேண்டும். புதிய பற்கள் ஒன்றோடொன்று பழகும்போது உதிரும் உலோகத் துகள்கள் எண்ணெயில் கலந்திருக்கும். அதன் பிறகு கையேடு தரும் கிலோமீட்டர் இடைவெளியைப் பின்பற்றவேண்டும்.

தானியில் மாதங்களை எண்ணுவது ஏமாற்றிவிடும். நாளொன்றுக்கு 100 கிலோமீட்டர் ஓடும் வண்டி 10,000 கிலோமீட்டரை 100 நாட்களில் கடந்துவிடும். சொந்தப் பயன்பாட்டு மகிழுந்து ஒன்றுக்கு அதே தொலைவை ஓட ஓராண்டு பிடிக்கலாம். மேலும் நெரிசலில் நின்று நின்று செல்லும் வண்டியின் கிளட்ச் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பலமுறை வேலை செய்கின்றது. தகட்டின் பொடி எண்ணெயில் சேர்கின்றது. பின்புறம் மூடிய அறையில் காற்றோட்டம் குறைந்து சூடும் ஏறுகின்றது. பலதர எண்ணெய்களில் பாகுநிலையைத் தாங்கிப் பிடிக்கச் சேர்க்கப்படும் நீண்ட மூலக்கூறுகள் பற்களுக்கிடையே நசுங்கி அறுபடுவதால், 20டபிள்யூ-50 எண்ணெய் நாளடைவில் 50-இலிருந்து 40-ஐ நோக்கி இறங்கிவிடும்.

எண்ணெயின் நிறம் நம்பத்தகுந்த அடையாளம் அன்று. தில்லியில் 1998-இல் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணையைத் தொடர்ந்து தானிகள் அழுத்த இயற்கை எரிவளிக்கு மாறின; சென்னையில் நீர்ம எரிவளி பரவியது. எரிவளி எரிவதால் கரி மிகக் குறைவாகவே உண்டாகும். ஆகவே பொறியோடு எண்ணெயைப் பகிரும் கியர் பெட்டியிலும் எண்ணெய் நெடுநாள் தெளிவாகவே தோற்றமளிக்கும். தெளிவாக இருப்பதால் இன்னும் நன்றாக இருக்கின்றது என்று முடிவுசெய்யக் கூடாது.

மின்தானிகளில் கிளட்ச் இல்லை. பலவற்றில் கியர் மாற்றமும் இல்லை. எனினும் மின்னோடியின் வேகத்தைக் குறைக்கும் பற்சக்கரங்களும் டிஃபரன்சியலும் அவற்றிலும் உள்ளன. அவற்றுக்கும் சிறிதளவு எண்ணெய் தேவை. மின்வண்டிக்கு எண்ணெயே வேண்டாம் என்ற விற்பனைப் பேச்சைக் கேட்டு இதனை மறந்துவிடுதல் எளிது.

இலங்கையில் 2020-இல் ஊர்தி இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025-இல்தான் மீண்டும் பரவலாக அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் இருந்த முச்சக்கர வண்டிகளையே பேணி ஓட்டவேண்டியிருந்தது. அங்கு பல வண்டிகளின் கியர் பெட்டிகள் வடிவமைப்பாளர் எண்ணியதைவிட நெடுங்காலம் உழைத்துக்கொண்டிருக்கின்றன. அத்தகைய பழைய பெட்டிகளில் இடைவெளியை நீட்டாமல், சற்றுக் குறைத்துக்கொள்வதே பொருத்தம்.

மாற்றும் முறை

எண்ணெய் சூடாக இருக்கும்போதுதான் துகள்களையும் சேர்த்துக்கொண்டு வெளியேறும். ஆகவே சில கிலோமீட்டர் ஓட்டிவந்து, கை சுடாத அளவுக்குச் சற்று ஆறவிட்டு வேலையைத் தொடங்கவேண்டும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்திக் கைத்தடையை இட்டு, முன்சக்கரத்துக்குக் கட்டை வைக்கவேண்டும். தானியை ஒருபுறமாகச் சாய்த்துப் போட்டு வேலை செய்யும் பழக்கம் பரவலாக உண்டு. அப்படிச் செய்தால் எண்ணெய் முழுவதும் வடியாது. மின்கலத்தின் அமிலமும் எரிபொருளும் சிந்தும் அபாயமும் உண்டு.

முதலில் திறக்கவேண்டியது வடிப்புத் திருகு அன்று, ஊற்றும் திருகு. இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. நாட்பட்ட திருகு இறுகிப்போய்த் திறக்க முடியாமல் நின்றால், வடித்துவிட்ட வண்டியில் எண்ணெய் ஊற்ற வழியிருக்காது. இரண்டையும் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிட்டே திறக்கவேண்டும். உள்ளே விழும் மணல் பற்களுக்கு அரத்தூளைப் போன்றது.

பட்டறைகளில் ட்ரெயின் போல்ட் எனப்படும் வடிப்புத் திருகைக் கழற்றி, அகன்ற தட்டில் எண்ணெயை ஏந்தவேண்டும். ஓட்டம் நின்ற பின்னும் பத்துப் பதினைந்து நிமிடம் சொட்டவிடுவது நல்லது. திருகின் முனையில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியிருப்பதைப் பார்க்கவேண்டும். சாம்பல் நிறக் குழம்பு போன்ற மென்துகள் வழக்கமான தேய்மானம். நகத்தில் தட்டுப்படும் சில்லுகள் இருந்தால் பல் உடைந்திருக்கலாம். எண்ணெய் மாற்றத்தோடு அது தீராது. காந்தத்தில் ஒட்டாத மஞ்சள் நிற மினுமினுப்பு வெண்கலப் புஷ் தேய்வதைக் காட்டும்.

திருகை மீண்டும் பூட்டும்போது புதிய வாஷர் இடவேண்டும். செம்பு, அலுமினிய வாஷர்கள் ஒருமுறை நசுங்கிப் பள்ளத்தை நிரப்பி அடைப்பவை. இரண்டாம் முறை அதே அளவுக்கு அடைக்கமாட்டா. மிகச் சிறிய விலைக்கு வாங்கக்கூடிய இதனைத் தவிர்த்துவிட்டு, கசிவை நிறுத்தத் திருகை மேலும் முறுக்குவதே கியர் பெட்டிக் கூடுகள் கெடுவதற்குப் பெரிய காரணம் எனலாம். எஃகுத் திருகு அலுமினியக் கூட்டின் மரையை உரித்துவிடும். பிறகு மரைக்குள் கம்பிச்சுருள் பொருத்தியோ, பெரிய அளவில் புதிய மரை வெட்டியோதான் சரிசெய்ய இயலும். எனவே முதல் சில சுற்றுகளை விரலாலேயே பூட்டி, மரை நேராக இறங்குவதை உறுதிசெய்த பின்னரே ஸ்பானரைப் பயன்படுத்தவேண்டும்.

புதிய எண்ணெயைக் கையேட்டின் கொள்ளளவுக்குச் சற்றுக் குறைவாக ஊற்றி, பிறகு மட்டத்தைப் பார்த்து நிரப்பவேண்டும். உள்ளே பழைய எண்ணெய் சிறிது எப்போதும் தங்கியிருக்கும். டப்பா முழுவதையும் கவிழ்த்தால் மட்டம் மீறிவிடக்கூடும். மட்டத்திருகு உள்ள வண்டியில் அத்துளையின் விளிம்பிலிருந்து எண்ணெய் மெல்லக் கசியத் தொடங்குவதே சரியான மட்டம். அளவுக்கோல் உள்ள வண்டியில், கோலைத் திருகியபின் பார்ப்பதா, திருகாமல் நிறுத்திப் பார்ப்பதா என்பது வண்டிக்கு வண்டி மாறும்.

மட்டம் மிகுதியானாலும் கேடுதான். பற்சக்கரங்கள் எண்ணெயை அடித்து நுரையாக்கும். நுரையில் இருப்பது பாதி காற்று. அது உயவு தராது. சூடும் அழுத்தமும் உயர்ந்து, சக்கரத் தண்டுகள் வெளியேறும் இடத்திலுள்ள ஆயில் சீல்கள் வழியே எண்ணெய் பிதுங்கும். கொஞ்சம் கூடுதலாக இருந்தால் பாதுகாப்பு என்று ஊற்றப்படும் எண்ணெய் பெரும்பாலும் தெருவில்தான் முடிகின்றது.

கடைசியாக, பொறியை இயக்கிச் சில நிமிடம் நியூட்ரலில் விட்டு, பின்கியர் உட்பட எல்லாக் கியர்களையும் ஒருமுறை போட்டு எடுத்து, நிறுத்தி, மட்டத்தை மீண்டும் பார்க்கவேண்டும். மறுநாள் காலை வண்டி நின்ற இடத்தில் தரையைப் பார்ப்பது பயனுள்ள பழக்கம்.

எண்ணெய் காட்டும் நோய்கள்

இரு வீச்சுத் தானியில் கியர் எண்ணெயின் மட்டம் வெளியே கசிவின்றிக் குறைந்துகொண்டே வந்து, புகைபோக்கியில் வெண்ணீலப் புகை மிகுந்தால், வணரித்தண்டின் ஆயில் சீல் பழுதாகியிருக்கலாம். பொறியின் உறிஞ்சல் கியர் எண்ணெயை உள்ளிழுத்து எரித்துவிடுகின்றது. மறுதலையாக, மட்டம் உயர்ந்து எண்ணெயில் பெட்ரோல் வாடை வீசினால் எரிபொருள் இப்பக்கம் வருகின்றது எனக் கொள்ளலாம். புகையைக் கண்டதும் பெட்ரோலில் கலக்கும் எண்ணெயின் அளவைக் குறைப்பது தவறான மருத்துவம். அது பொறியையே இறுக்கிவிடும்.

ஓடும்போது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வருவது, பெரும்பாலும் கியர் கம்பியின் தளர்வாலோ தேர்வுப் பகுதிகளின் தேய்மானத்தாலோ ஏற்படுவது. அதற்கு எண்ணெய் மாற்றிப் பயனில்லை.

வெள்ளத்தில் மூழ்கிய தானி

2015 திசம்பரிலும், மிக்சாம் புயலின்போது 2023 திசம்பரிலும் சென்னையில் எண்ணற்ற ஊர்திகள் நீரில் நின்றன. தானியின் கியர் பெட்டி தரையிலிருந்து மிகக் குறைந்த உயரத்தில் இருப்பதால் முழங்கால் அளவு நீரே அதனை மூழ்கடிக்கப் போதுமானது. கியர் பெட்டியின் உள்ளே சூடேறும் காற்று வெளியேற ஒரு சிறு காற்றுத்துளை உண்டு. சூடான பெட்டி திடீரெனக் குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, அத்துளை வழியாகவும் பழைய ஆயில் சீல்கள் வழியாகவும் நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். வெளியே ஒன்றும் தெரியாது.

நீர் கலந்த எண்ணெய் பால்விட்ட தேநீரின் நிறத்தை அடையும். அது பற்களுக்கிடையே படலமாக நிற்காது. தாங்கிகளில் துருவை உண்டாக்கும். கிளட்ச் தகடுகளில் ஒட்டப்பட்ட உராய்வுப் பொருள் ஊறிக் கழன்றுவிடவும் கூடும். நீர் வடிந்ததும் பொறியை இயக்கிப் பார்க்கும் ஆவலை அடக்கி, முதலில் எல்லா அறைகளின் எண்ணெயையும் வடிக்கவேண்டும். வண்டி நெடுநேரம் அசையாமல் நின்றிருந்தால், நீர் எண்ணெயைவிடக் கனமானது என்பதால், திருகைத் திறந்ததும் முதலில் நீர் தனியாகவே வரும். பின்னர் மலிவான, ஆனால் சரியான தரத்தைச் சேர்ந்த எண்ணெயை ஊற்றிச் சிறிது தூரம் மட்டும் மெல்ல ஓட்டி மீண்டும் வடிக்கவேண்டும். நிறம் வெளுப்பாக இருக்கும்வரை இதனைத் திரும்பச் செய்து, இறுதியில் நல்ல எண்ணெய் ஊற்றலாம். மண்ணெண்ணெய் விட்டு அலசும் வழக்கமும் உண்டு. அது மூலை முடுக்குகளில் தங்கிப் புதிய எண்ணெயை நீர்த்துப்போகச் செய்வதால் தவிர்ப்பது நல்லது.

கழிவு எண்ணெய்

இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு இடர்க்கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய எண்ணெய் என்பதன் வரையறையில் பொறி எண்ணெயோடு கியர் எண்ணெயையும் பெயர் குறிப்பிட்டுச் சேர்த்துள்ளன. அவ்விதிகளில் 2023-இல் செய்யப்பட்ட திருத்தம், எண்ணெயை உற்பத்தி செய்வோரும் இறக்குமதி செய்வோரும் பயன்படுத்திய எண்ணெயின் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்கவேண்டும் என்று கூறுகின்றது. இது 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வடித்த எண்ணெயை மூடியுள்ள கொள்கலனில் சேர்த்து, அதனைச் சேகரிக்கும் பட்டறையிலோ உரிமம் பெற்ற மறுசுழற்சியாளரிடமோ தருவதே முறை. மழைநீர்க் கால்வாயில் ஊற்றுவதும், கரையானுக்காக மரத்தில் பூசுவதும், அடுப்பில் எரிப்பதும் மண்ணுக்கும் மூச்சுக்கும் கேடு. பட்டறையில் நாள்தோறும் இவ்வேலை செய்யும் இளைஞர்கள் வெறுங்கையால் எண்ணெயை அளைவதும், பெட்ரோலால் கையைக் கழுவுவதும் தோல் நோய்களை வரவழைக்கும். கையுறையும் சவர்க்காரமும் போதும்.

கழிவு எண்ணெய்க்கு விலை உண்டு என்பதால் அது வேறு வழியிலும் திரும்பி வரக்கூடும். வடிகட்டி, நிறம் ஏற்றி, பழைய டப்பாக்களில் அடைத்து விற்கப்படும் போலி எண்ணெய் அப்படிப்பட்டது. முறையாக மறுசுத்திகரிக்கப்பட்டுத் தரச்சான்று பெற்ற எண்ணெய் இதிலிருந்து வேறானது. அதில் குறை காணவேண்டியதில்லை. மூடியின் முத்திரை உடையாமல் இருக்கின்றதா, எஸ்.ஏ.ஈ, ஜி.எல் அல்லது ஜாசோ குறியீடுகள் தெளிவாக அச்சிடப்பட்டுள்ளனவா, தயாரிப்பு நாளும் தொகுதி எண்ணும் உள்ளனவா என்று பார்த்து வாங்கவேண்டும். குறியீடு எதுவும் இல்லாமல் ஆட்டோ ஸ்பெஷல் என்ற பெயரை மட்டும் தாங்கிவரும் டப்பாவையும், பீப்பாயிலிருந்து அளந்து தரப்படும் உதிரி எண்ணெயையும் விலக்கிவிடலாம். காலியான டப்பாவைத் தூக்கி எறியும்முன் அதன் அடியில் ஒரு துளையிட்டுவிட்டால், அது மீண்டும் நிரப்பப்பட்டு விற்பனைக்கு வராது.